டீக்கும் டென்ஷனுக்கும் நடுவே ஒரு சொம்பு கூழ்

திண்டுக்கல்லிலிருந்து எரியோடு வழியாகக் கரூர் போகிற சாலையில் இருக்கிறது குஜிலியம்பாறை. விடியற்காலையில் இந்தச் சாலையோரம் நின்றால் டவுன் பஸ்ஸுக்கு முன்னால் மில் பஸ்தான் கண்ணில் படும். வேடசந்தூர், எரியோடு சுற்றுவட்டார நூற்பாலைகளுக்கு ஊர் ஊராக நின்று பெண்களை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிகள். ஏறுகிறவர்கள் கையில் டிபன் பாக்ஸ் இருக்கும். வயிற்றில் பெரும்பாலும் ஒரு டம்ளர் டீயும் இரண்டு பிஸ்கட்டும்தான். அதற்கப்புறம் மெஷினுக்கு முன்னால் ஷிப்ட் முடிகிறவரை நடையும் நிற்பதும். இடைவேளையில் மறுபடியும் டீ. வீடு திரும்பி, சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, படுக்கும்போது மணி பத்தாகிவிடும்.

இவர்களிடம் உடம்பைப் பற்றிக் கேட்டால் வருகிற பதில்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். "நெஞ்சு படபடன்னு வருது", "எதுக்கெடுத்தாலும் எரிச்சலா இருக்கு", "மத்தியானத்துக்கு மேல கிறுகிறுங்குது", "படுத்தா தூக்கம் வரல, எந்திரிச்சா அசதி போகல". கடைசியில் அவர்களே ஒரு முடிவும் சொல்லிவிடுவார்கள்: "எல்லாம் டென்ஷன்தான்."

டென்ஷன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குழுக் கடன் தவணை, மழை பொய்த்த மானாவாரிக் காடு, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், இரவு ஷிப்ட் என்று காரணங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் படபடப்பு, எரிச்சல், தலைச்சுற்றல், அசதி நான்கும் ரத்தசோகையின் அடையாளங்களும்கூட. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019 முதல் 2021 வரை நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய சுற்றில் 55. இடையில் ஐந்தாறு ஆண்டுகள், எத்தனையோ திட்டங்கள். எண் அசையவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே மன அழுத்தத்துக்கு என்ன சாப்பிடலாம் என்று குஜிலியம்பாறையில் யாராவது கேட்டால், உடம்பில் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வியை முதலில் கேட்டாக வேண்டும். இதைத் தாண்டிவிட்டு பாதாம், அவகாடோ, டார்க் சாக்லேட் என்று பட்டியல் போடுகிற கட்டுரைகள் இந்த ஊருக்கு உதவாது.

இந்தப் பக்கத்து நிலம் நெல் விளைகிற நிலம் இல்லை. குடகனாறு வேடசந்தூர் பக்கமாகப் போகிறது. அதிலும் தண்ணீர் வருகிற வருடம் உண்டு, வராத வருடம் உண்டு. மற்றபடி கிணறும் மானமும்தான் கதி. சோளம், கம்பு, கொள்ளு, நிலக்கடலை, எள், தட்டைப்பயறு, மொச்சை, வரப்போரம் முருங்கை என்பதே காலங்காலமான வெள்ளாமை. தமிழ்நாட்டில் சோளம் அதிகம் விதைக்கும் மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. விதைத்த சோளத்தில் பெரும்பகுதி இன்று மாட்டுக்குத் தட்டையாகப் போகிறது. வீட்டுக்குள் வருவது ரேஷன் அரிசி.

அரிசி வந்த கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. இந்த வறண்ட பூமியில் நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளிக்கும் உரியதாக இருந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஏன் அப்படி எடுபட்டது என்பது கம்மஞ்சோறு தின்ற தலைமுறைக்குத்தான் முழுசாகப் புரியும். 2008இல் ரேஷனில் கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. பசியை விரட்டியதில் இதற்கு ஈடான திட்டம் குறைவு. பாட்டி காலத்துச் சாப்பாடு எவ்வளவு உயர்ந்தது என்று உருகுகிறவர்கள், பாட்டி காலத்தில் ஒரு வேளைதான் அடுப்பு எரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம். கம்பு தின்றவர்கள் ஆரோக்கியம் கருதித் தின்னவில்லை. வேறு வழியில்லாமல் தின்றார்கள்.

அதனால் கம்பின் குணம் குறைந்துவிடாது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 100 கிராம் கம்பில் இரும்பு 6.4 மில்லிகிராம், தீட்டிய பச்சரிசியில் 0.65. ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். நரம்புக்கும் தசைக்கும் வேண்டிய மக்னீசியம் கம்பில் 124 மில்லிகிராம், அரிசியில் 19. நார்ச்சத்து கம்பில் 11 கிராமுக்கு மேல், அரிசியில் 3 கிராம்கூட இல்லை. சோளமும் கிட்டத்தட்ட இதே வரிசையில் நிற்கிறது. கொள்ளில் புரதம் 21 கிராமுக்கு மேல், இரும்பு 8 மில்லிகிராமுக்கு மேல்.

எண்ணைப் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓட வேண்டாம். தானியத்தில் இருக்கிற இரும்பு அப்படியே ரத்தத்துக்குப் போவதில்லை. தானியத்தின் தோலில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்துக்கொண்டு விடாது. சாப்பிட்டதில் சிறு பங்குதான் உடம்பில் சேரும். அந்தப் பங்கைக் கூட்டுகிற வித்தைகள் பழைய சமையலிலேயே இருக்கின்றன என்பதுதான் இதில் சுவாரசியம்.

கம்மங்கூழ் காய்ச்சுவதைக் கவனித்தால் இது தெரியும். கம்பைப் புடைத்துக் கல், மண் நீக்கி, தண்ணீர் தெளித்துப் பிசறிக் கொஞ்ச நேரம் வைக்க வேண்டும். ஈரம் ஏறினால்தான் தோல் இளகும். உரலில் குத்தி முறத்தில் புடைத்தால் உமி பறக்கும். மறுபடி இடித்தால் நொய்யும் மாவுமாகப் பிரியும். மாவைத் தண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி புளிக்க விடுவார்கள். அடுத்த நாள் உலையில் முதலில் நொய் போகும். அது முக்கால் வெந்ததும் புளித்த மாவை ஊற்றி, அடி பிடிக்காமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். ஆறியதும் உருண்டை பிடித்துப் பானைத் தண்ணீரில் போட்டுவைத்தால், காலையில் மோர் விட்டுக் கரைத்து உப்புப் போட்டுக் குடிக்கலாம். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், கூட ஒரு மோர்மிளகாய்.

இதில் ஒவ்வொரு படியும் காரணத்தோடுதான் இருக்கிறது. தோலை நீக்குவதும் புளிக்க வைப்பதும் ஃபைட்டேட்டைக் குறைக்கின்றன. சின்ன வெங்காயத்தின் கதை இன்னும் அழகு. மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், தானியம், பருப்பு வகைகளோடு வெங்காயமோ பூண்டோ சேரும்போது அவற்றில் உள்ள இரும்பும் துத்தநாகமும் உடம்பு எடுத்துக்கொள்ளத் தோதான நிலைக்கு வருவது கூடுகிறது என்று கண்டார்கள். அது ஆய்வகச் சோதனை; மனிதர்களிடம் செய்து பார்த்தது இல்லை. ஆனாலும் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன சந்தை திண்டுக்கல்லிலேயே இருக்கும்போது, கூழோடு நாலு வெங்காயத்தைக் கடித்துக்கொள்ள யாருடைய சான்றிதழும் தேவையில்லை.

கம்பை வாங்கிப் பார்த்து 'கசக்குது' என்று விட்டவர்கள் நிறைய. கசப்பது பெரும்பாலும் கம்பு இல்லை, கம்பு மாவு. கம்பில் கொழுப்பு மற்ற தானியங்கள் பலவற்றைவிட அதிகம், 5 சதவீதத்துக்கு மேல். அரைத்ததும் அந்தக் கொழுப்பு சிதையத் தொடங்கி, சில நாட்களிலேயே மாவில் சிக்கு வாடை ஏறிவிடும். பாக்கெட்டில் மாதக்கணக்கில் கிடந்த மாவை வாங்கிக் கூழ் காய்ச்சிவிட்டுக் கம்பைக் குறை சொல்லக் கூடாது. முழுக் கம்பாக வாங்கி, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உடைத்துக்கொள்வதே சரி. உரல் இல்லாத வீட்டில் மிக்சி போதும்: ஈரமாக்கிய கம்பை இரண்டு மூன்று சுற்று விட்டு விட்டு ஓட்டினால் தோல் கழன்றுவிடும். பிறகு குக்கர் பார்த்துக்கொள்ளும்.

இரும்பைக் கூட்டுவது இருக்கட்டும், பறிப்பது எது என்று பார்த்தால் மறுபடி டீக்கடைக்குத்தான் வர வேண்டும். தேயிலையில் உள்ள டானின் இரும்போடு ஒட்டிக்கொண்டு அதை உடம்பில் சேரவிடாமல் வெளியே அனுப்புகிறது. சாப்பாட்டோடு டீ குடித்தால் அந்தச் சாப்பாட்டிலிருந்து கிடைக்கிற இரும்பு கணிசமாகக் குறைகிறது. இது 1970களிலிருந்தே தெரிந்த விஷயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்களில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் ஒரு மணி நேரம் பின்பும் டீ, காபி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இட்லி தின்ற கையோடு டீ என்பது இங்கே ஏறக்குறைய சட்டம். சட்டத்தை மீறுவதில் செலவு எதுவும் கிடையாது. டீயைப் பத்தரை மணிக்குத் தள்ளிவைத்தால் போதும்.

டீயை விட்டுவிடச் சொல்கிற உபதேசம் இந்த ஊரில் செல்லாது, செல்லவும் வேண்டாம். பத்து நிமிடம் உட்கார்ந்து நாலு பேரோடு பேசுவதற்கு டீதான் சாக்கு. அந்தப் பத்து நிமிடம் மனசுக்குச் செய்கிற நன்மையைக் கணக்கில் எடுக்காமல் டீயின் பாவத்தை மட்டும் எண்ணுவது சரியில்லை. சர்க்கரையைத்தான் யோசிக்க வேண்டும். நாளொன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள், அதாவது ஆறு சிறு கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டம்ளருக்கு இரண்டு கரண்டி வீதம் நாலு டீ குடித்தாலே எட்டு கரண்டி. சாயங்கால டீக்கு இன்னொரு கணக்கு: உடம்பில் ஏறிய காஃபீனில் பாதி குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த ஸ்ட்ராங் டீ, பதினோரு மணிக்குப் பாயில் புரளும்போதும் பாதி வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

இனி முருங்கை. குஜிலியம்பாறை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், பக்கத்தில் அரவக்குறிச்சி எல்லாம் முருங்கை பூமி. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989இல் வந்த பி.கே.எம்.-1 ரகம் இந்தச் சாகுபடியின் போக்கையே மாற்றியது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்த முருங்கை ஏற்றுமதி மண்டலத்தில் திண்டுக்கல், கரூர், தேனி, மதுரை மாவட்டங்கள் இடம்பெற்றன. முருங்கையிலைப் பொடி கடல் கடந்து போய் அழகான டப்பாவில் உட்கார்ந்துகொள்கிறது. இங்கே வேலியோரம் காயைப் பறித்துவிட்டு இலையைக் கவனிக்காமல் விடுகிறோம்.

முருங்கையைப் பற்றி வாட்ஸப்பில் சுற்றும் கணக்குகளை நம்ப வேண்டாம். 'ஆரஞ்சைவிட ஏழு மடங்கு வைட்டமின் சி' என்பார்கள். 2017 அட்டவணைப்படி பச்சை முருங்கைக்கீரையில் வைட்டமின் சி 100 கிராமுக்கு 108 மில்லிகிராம்; ஆரஞ்சில் 40 சொச்சம். இரண்டரை மடங்கு வருகிறது. அதுவும் பச்சையாக இருக்கும்போது. அடுப்பில் வதங்கும்போது அதில் நல்ல பங்கு போய்விடும். முருங்கைக்கீரையின் உண்மையான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது: கால்சியம் 314 மில்லிகிராம், புரதம் 6 கிராமுக்கு மேல், இரும்பு 4.5. ஒரு கீரைக்கு இதுவே பெரிய விஷயம். மடங்குக் கணக்கு எதற்கு?

கீரையை ஒதுக்குவதற்கு ருசி காரணமில்லை, ஆய்வதுதான் காரணம். ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொடுத்து ஆயச் சொன்னால் டென்ஷன் கூடத்தான் செய்யும். இதற்கு ஊரில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ராத்திரி கீரைக் கொத்தைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி மூலையில் வைத்துவிட வேண்டும். காலையில் துணியைப் பிரித்து உதறினால் இலை தானாக உதிர்ந்து கிடக்கும். ஈர்க்கை மட்டும் பொறுக்கிப் போட்டால் வேலை முடிந்தது. கடலை எண்ணெயில் வரமிளகாய், சின்ன வெங்காயம் தாளித்து, கீரையைப் போட்டு மூடாமல் வதக்கி, வறுத்துப் பொடித்த நிலக்கடலையைத் தூவி இறக்கினால் பத்து நிமிடம். சாப்பிடும்போது மேலே அரை எலுமிச்சை பிழிந்தால், அடுப்பில் போன வைட்டமின் சி கொஞ்சம் திரும்ப வரும். கீரையின் இரும்பு உடம்பில் சேரவும் அதுதான் கை கொடுக்கும்.

எலுமிச்சைக்குப் பதில் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கொய்யாவைக் கடித்தாலும் சரி. பழனி பக்கம் ஆயக்குடி கொய்யா பஸ் ஸ்டாண்ட் தோறும் கூடையில் விற்கிறது. கொய்யாவில் வைட்டமின் சி 200 மில்லிகிராமுக்கு மேல். ஆரஞ்சு, கிவி எல்லாம் இதன் பின்னால்தான் வர வேண்டும்.

கொள்ளை விட்டுவிட்டால் கரூர் எல்லைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். வறுத்து ஊறவைத்துக் குக்கரில் நன்றாக வேகவிட்டு, வடித்த தண்ணீரில் ரசம், பருப்பில் வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் சேர்த்துக் கடைசல் என்று ஒரே வேகலில் இரண்டு வெஞ்சனம் ஆகிவிடுகிறது. கொள்ளு உடம்பு இளைக்க வைக்கும் என்று விற்கிறவர்களை விட்டுவிடலாம். அரிசிச் சோற்றோடு ஒரு கரண்டி கடைசல் சேரும்போது சோறு மெல்லச் செரித்து, சர்க்கரை குபீரென்று ஏறி இறங்காமல் இருக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் எரிச்சலாகவும், 'ஏதாவது இனிப்பா வேணும்' என்ற தவிப்பாகவும் பலருக்கு வெளிப்படுகிறது.

இறைச்சியைப் பற்றிப் பேசாத ஆரோக்கியக் கட்டுரை இந்த வட்டாரத்துக்குப் பொய்க் கட்டுரை. வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ரத்தம் குறைந்த பெண்ணுக்கும் பிரசவமான பெண்ணுக்கும் ஆட்டு ஈரலும் சுவரொட்டி என்கிற மண்ணீரலும் வாங்கிக் கொடுக்கச் சொன்ன பெரியவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். இறைச்சியில் உள்ள இரும்பு, கீரையில் உள்ளதைவிட எளிதாக உடம்பில் சேரும். செடி கொடியில் கிடைக்காத பி12 வைட்டமினும் அதில் உண்டு. பி12 குறைந்தால் அசதி, மறதி, கை கால் மரத்துப்போதல், மனச்சோர்வு என்று வரும். பி12 விஷயத்தில் சைவக்காரர்கள் பால், தயிர், மோரையும், முட்டை தின்கிறவர்கள் முட்டையையும் நம்ப வேண்டியதுதான். வீட்டில் ஈரல் வாங்கினால் அது யார் தட்டுக்குப் போகிறது என்பது தனிக் கேள்வி. ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டுக் குழம்பைத் தொட்டுக்கொள்கிற வழக்கம் இருக்கும்வரை, கறி எடுத்தாலும் அந்த 53.4 சதவீதம் குறையாது.

இதே வீடுகளில் இன்னொரு கூத்தும் நடக்கிறது. ரேஷனில் செறிவூட்டிய அரிசி வரத் தொடங்கியது. நூறு அரிசிக்கு ஒன்று வீதம் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் சேர்த்துச் செய்த அரிசிமணி கலந்திருக்கும். அரிசி மாவிலேயே சத்தைக் கலந்து அச்சில் வார்த்த மணி அது. நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், கழுவும்போது சில மணிகள் மிதக்கும். 'பிளாஸ்டிக் அரிசி' என்று வீடியோ பரவியதில், அந்த மணிகளை மட்டும் கவனமாகப் பொறுக்கி எறிகிறவர்கள் உண்டு. பிளாஸ்டிக் எதுவும் அதில் இல்லை. தாலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்; மற்றவர்கள் பொறுக்காமல் உலையில் போடலாம்.

சரி, சாப்பாட்டை மாற்றினால் மனசு நிஜமாகவே லேசாகுமா? இதற்குச் சோதித்துப் பார்த்த பதில் ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. டீக்கின் பல்கலைக்கழகத்தின் ஃபெலிஸ் ஜாக்காவும் குழுவும் மனச்சோர்வால் பாதிக்கப்பட்ட 67 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு 12 வாரம் உணவு ஆலோசனை. மறுபாதிக்கு அதே அளவு நேரம் பேச்சுத்துணை மட்டும். 2017இல் வெளியான முடிவின்படி, உணவை மாற்றியவர்களில் 32 சதவீதம் பேர் மனச்சோர்வு நீங்கிய நிலைக்கு வந்தார்கள்; பேச்சுத்துணை பெற்றவர்களில் 8 சதவீதம். சிறிய ஆய்வுதான். எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது கலந்துகொண்டவர்களுக்குத் தெரியும் என்ற குறையும் இருக்கிறது. அவர்கள் சாப்பிட்டது தீட்டாத தானியம், பருப்பு, காய்கறி, பழம், கொட்டை, மீன், ஆலிவ் எண்ணெய். குறைத்தது இனிப்பு, பொரித்தது, துரித உணவு. இந்தப் பட்டியலில் ஆலிவ் எண்ணெயைத் தவிர மற்றதெல்லாம் திண்டுக்கல் சந்தையில் தமிழ்ப் பெயரோடு கிடைக்கிறது. கம்மங்கூழ், கொள்ளுக் கடைசல், முருங்கைக்கீரை, அவித்த கடலை கொண்டு அதே மாதிரி ஒரு பரிசோதனையை இங்கேயும் யாராவது நடத்தினால் நன்றாக இருக்கும். காந்திகிராமம் பல்கலைக்கழகம் பக்கத்தில்தான் இருக்கிறது.

பழைய சோற்றுக்கு அப்படி ஒரு வாய்ப்பு ஏற்கனவே கிடைத்துவிட்டது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் குடல் நோய்களுக்கு அதை வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். குடலையும் மனதையும் இணைத்துப் பேசுகிறவர்கள் உடனே செரட்டோனினுக்குத் தாவுவார்கள். உடம்பின் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் உருவாகிறது என்பது உண்மை. ஆனால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது என்பதும் உண்மை. எனவே 'வாழைப்பழத்தில் செரட்டோனின் இருக்கிறது, தின்றால் சந்தோஷம் வரும்' என்பது விளம்பரம்தான். சிறுமலை வாழைப்பழத்தை அதன் மணத்துக்காகத் தின்னலாம். முடிக்கொத்து நோயில் அழிந்து மிஞ்சி, புவிசார் குறியீடும் வாங்கிய பழம் அது. சந்தோஷம் வர இந்தக் காரணமே போதும்.

கூழைக் கும்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானபோது தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 சதவீதம் என்றது. நாட்டுச் சராசரி 11.4. சர்க்கரை உள்ளவர் 'சிறுதானியம்தானே' என்று இரண்டு சொம்பு கூழை மடக் மடக்கென்று குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நைசாக அரைத்து நீர்க்கக் கரைத்தது வேகமாகச் செரிக்கும். அளவைக் குறைத்து, கொள்ளோ பயறோ கூட வைத்துக்கொள்வது நல்லது. அதே போல மோர்மிளகாய், வத்தல், ஊறுகாய், கருவாடு நாலையும் ஒரே வேளையில் சேர்த்தால் நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு என்ற வரம்பு காலையிலேயே தாண்டிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தினசரிக் கீரைக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எல்லாம் சரி, யார் குத்துவது, யார் கிண்டுவது? கம்பை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவது பற்றி ஆண்கள் உற்சாகமாகப் பேசுகிறார்கள். துடுப்பைப் பிடிப்பது மில்லிலிருந்து வந்த அதே பெண். ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்துக் கொண்டாடிய வருடத்தில், தமிழக அரசு நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் கேழ்வரகு கொடுத்துப் பார்த்தது. நல்ல தொடக்கம். ஆனால் தானியத்தைக் கொடுப்பதைவிட உடைத்த நொய்யாகக் கொடுப்பதுதான் இந்த வட்டாரத்துக்கு உதவும். மில் கேன்டீனில் ஒரு வேளை கூழும் சுண்டலும் வைத்தால் இன்னும் உதவும். மகாராஷ்டிரத்தில் இரும்புச்சத்து கூடிய ரகக் கம்பில் ரொட்டி செய்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நாலு மாதத்தில் உடம்பின் இரும்புச் சேமிப்பு மேம்பட்டது என்று 2015இல் எழுதினார்கள். அங்கே பிள்ளைகளின் அம்மாக்கள் தனியாக அடுப்பில் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஏற்பாடு பொதுவாக நடந்தது.

அதுவரை வீட்டளவில் செய்யக்கூடியது சிறியது. மில் பஸ் ஏறும் முன் டீக்குப் பதில் ஒரு டம்ளர் மோர்க்கூழ், அல்லது முந்தின நாள் சோற்றில் மோர் விட்டு இரண்டு வெங்காயம். டிபன் பாக்ஸில் சோற்றோடு கொள்ளோ தட்டைப்பயறோ ஒரு கரண்டி. இடைவேளைக்கு பிஸ்கட் பாக்கெட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி அவித்த கடலை அல்லது ஒரு எள்ளுருண்டை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கீரை, அதன்மேல் எலுமிச்சை. டீ, சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி. இதில் எதுவும் தவணையைக் கட்டாது, மழையையும் கொண்டுவராது. அவற்றைச் சமாளிக்க உடம்பில் தெம்பு வேண்டும், அதற்குத்தான்.

இதைப் படிக்கிறவர் பெண்ணாக இருந்தால், அல்லது வீட்டில் அம்மா, அக்கா, மனைவி யாராவது 'டென்ஷன்' என்று சொல்லிக்கொண்டிருந்தால், இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். காசு வாங்க மாட்டார்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாத்திரையும் அங்கேயே கிடைக்கும், கீரை மட்டும் போதாது. ரத்தம் சரியாக இருந்தும் மனசு சரியில்லை, தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு வந்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநலச் சேவை அது; தமிழில் பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள்.